உப்பை உடைக்கும் கதிர் எதுவும் இல்லை
திண்டுக்கல் தோல் ஷாப் முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

திண்டுக்கல் தோல் ஷாப் முதலாளிமார்களுக்கும், பொதுக் கழிவுநீர் நிலையத்தின் நிர்வாகிகளுக்கும், அங்கே ராத்திரி ஷிப்டிலும் பம்பு பக்கத்தில் நிற்கிற ஆபரேட்டர் தம்பிகளுக்கும்:

அகரத்திலிருந்து எழுதுகிறேன். மின்வாரியத்தில் சப்ஸ்டேஷன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்களில் பழைய ஆட்கள் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். உங்கள் ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் குடியிருக்கிறவன் என்பது இந்த மடலுக்கு அதைவிட முக்கியம். ஆத்தூருக்கு மேலே மலையில் பிறக்கிற குடகனாறு திண்டுக்கல்லைத் தாண்டி, தாடிக்கொம்பு, அகரம் பக்கமாக இறங்கி, வேடசந்தூர் வழியாக அமராவதியில் சேருகிறது. நீங்கள் விட்டதும் விடாததும் எங்கள் கிணற்றில்தான் கணக்குப் பார்க்கப்படும்.

ஒரு வீடியோ கைபேசிகளில் சுற்றுகிறது. ஒரு பக்கம் கறுப்புத் தண்ணீர் போகிறது, நடுவில் நீல வெளிச்சம் மின்னுகிறது, மறு பக்கம் தெளிந்த தண்ணீர் கொட்டுகிறது. "எலக்ட்ரான் பீம்", "பல்ஸ் பவர்", "அணுசக்தித் துறை தொழில்நுட்பம்" என்று எழுத்துகள் ஓடுகின்றன. இனி ஆர்.ஓ. வேண்டாம், ஆவியாக்கி வேண்டாம் என்று கடைசியில் ஒரு வரி. எனக்கு அதை அனுப்பியவர் உங்கள் தொழிலில் இருப்பவர். "அண்ணே, இது வந்தால் எங்கள் தலைவலி தீருமா?" என்று கேட்டிருந்தார். அவருக்கு மட்டும் பதில் சொல்லி முடிக்கிற விஷயமாக இது எனக்குப் படவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொழில்நுட்பம் பொய் இல்லை. கடைசி வரிதான் பொய்.

எலக்ட்ரான் கற்றை என்பது உங்களுக்குப் புதிது போலத் தோன்றலாம். எங்கள் லைன்மேன்கள் பல காலமாகக் கையில் வைத்துப் புழங்குகிற சாமான்களில் அது இருக்கிறது. நிலத்தடி கேபிளை ஜாயிண்ட் போடும்போது ஒரு குழாயை மாட்டி அனல் காட்டுவோம். அது சுருங்கிக் கேபிளை இறுக்கிக்கொள்ளும். அப்படிச் சுருங்கும் குணம் அந்தப் பிளாஸ்டிக்குக்கு வந்தது எலக்ட்ரான் கற்றையில் அடி வாங்கியதால். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கூரையில் சோலார் பலகை போட்டிருப்பவர்கள் வீட்டு கேபிளின் மேலுறைகூடப் பெரும்பாலும் இதே வழியில் பதப்பட்டதுதான். மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையம் ரஷ்யாவின் நோவசிபிர்ஸ்க் நகரிலிருந்து வந்த ஐ.எல்.யூ.-6 என்ற துடிப்பு முடுக்கியை (எலக்ட்ரான்களை வேகமாக்கிக் கற்றையாக விடும் கருவி) வைத்து இந்த வேலைகளைச் செய்து காட்டியது. நவி மும்பை கார்கரில் அதே மையத்தின் எலக்ட்ரான் கற்றைக் கூடம் இருக்கிறது. இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையம், காய்கறி மண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு முடுக்கியை நிறுவி மருத்துவச் சாமான்களைக் கிருமி நீக்கம் செய்கிறது. ஆகவே நம் நாட்டில் இல்லாத வித்தை இது என்று யாராவது விலை ஏற்றினால் நம்பாதீர்கள்.

துடிப்பு என்றால் என்ன? மின்மாற்றிகளுக்கு இடி தாங்கும் சோதனை செய்வதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிறைய கெபாசிட்டர்களைப் பக்க இணைப்பில் நிதானமாக ஏற்றி, கண்ணிமைக்கும் நேரத்தில் அத்தனையையும் தொடர் இணைப்புக்கு மாற்றிக் கொட்டினால் லட்சக்கணக்கான வோல்ட் ஒரே அடியாக வரும். 1924-இல் எர்வின் மார்க்ஸ் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்த சுற்று அது. அதே வழியில் எலக்ட்ரான்களைக் கிளப்பி விட்டால் துடிப்புக் கற்றை. பாபா மையத்தின் 'காளி' வரிசை முடுக்கிகள் இந்த வகை. 'காளி-5000' பற்றி எதிரி ஏவுகணையை எரிக்கும் ரகசிய ஆயுதம் என்று பத்திரிகைகளில் எவ்வளவு கதைகள் வந்தன! நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 கிகாவாட் திறனில் 100 நானோ விநாடி ஒரு துடிப்பு அடிக்கிறது என்று வையுங்கள். 40 கிகாவாட் என்றால் தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்தில் இழுக்கிற மின்சாரத்தைவிடப் பெரியது. ஆனால் அந்தத் துடிப்பில் அடங்கிய ஆற்றல் 4,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கக்கூடப் போதாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், விற்க வருகிறவர் உச்சத் திறனைத்தான் சொல்வார். மெகாவாட், கிகாவாட் என்று காது நிறையச் சொல்வார். தண்ணீரைச் சுத்தம் செய்வது சராசரித் திறன். ஒரு துடிப்பு 10 மெகாவாட், அது நீடிப்பது 10 மைக்ரோ விநாடி, ஒரு விநாடிக்கு 400 துடிப்பு என்றால் சராசரி 40 கிலோவாட். நான்கு பெரிய பம்புசெட் அளவு. விலைப்பட்டியலில் முதல் பக்கத்தில் அந்த எண் இல்லையென்றால் மூடி வைத்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

சரி, இந்தக் கற்றை தண்ணீரில் என்ன செய்கிறது? வேகமான எலக்ட்ரான் சாயத்தையோ, பட்டைச் சாற்றின் டானினையோ தேடிப் போய் அடிப்பதில்லை. தண்ணீரைத்தான் அடிக்கிறது, ஏனென்றால் அங்கே நிறைய இருப்பது தண்ணீர். தண்ணீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ராக்சில் என்ற துண்டும், ஹைட்ரஜன் அணுவும், நீரில் மிதக்கும் தனி எலக்ட்ரானும் பிறக்கின்றன. மைக்ரோ விநாடிக் கணக்கில்தான் இவற்றுக்கு ஆயுள். அதற்குள் அகப்பட்டதைக் கடித்து உடைத்துவிடும். ஹைட்ராக்சில், ஓசோனைவிட மூர்க்கமான ஆக்சிஜனேற்றி. நீரில் மிதக்கும் எலக்ட்ரானோ அதற்கு நேரெதிர்; ஒடுக்கும் வேலையைச் செய்யும். ரசாயனம் எதுவும் கொட்டாமல் இரண்டு எதிர் வேலைகளும் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் நடப்பது வேறு எந்த முறையிலும் சுலபத்தில் கிடைக்காது. நுண்ணுயிர்த் தொட்டியில் பாக்டீரியா தின்ன மறுக்கிற பெரிய மூலக்கூறுகளை இது நறுக்கிக் கொடுத்தால், பிறகு பாக்டீரியாவே மிச்சத்தைத் தின்றுவிடும்.

தண்ணீர் கதிரியக்கம் ஆகிவிடுமா என்று எங்கள் ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள், நீங்களும் கேட்க வேண்டும். ஆகாது. இந்த வேலைக்குப் பயன்படும் ஆற்றல் அளவில் அணுக்கரு அசையாது. உணவுப் பொருளுக்கே 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை உலகம் முழுக்க அனுமதி இருக்கிறது. கோபால்ட் போன்ற கதிரியக்கப் பொருள் எதுவும் இந்தக் கருவிக்குள் இல்லை. சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும். ஓடும்போது மட்டும் எக்ஸ்-கதிர் கிளம்பும், ஓசோன் வரும். அதற்காகக் கனமான கான்கிரீட் சுவரும், காற்றோட்டமும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் வேண்டும். கதவு திறந்தால் தானே நிற்கும் இண்டர்லாக்கை "அவசரத்துக்கு" கட்டிப்போடுகிற பழக்கம் நம் ஆலைகளில் உண்டு. அந்தப் பழக்கத்தோடு இந்த மெஷினை வாங்கக் கூடாது.

இன்னொரு சங்கடம் ஆழம். 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் கற்றை தண்ணீருக்குள் நாலு மில்லிமீட்டர்தான் போகும். 10 மெகா என்றாலும் ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். ஆகவே குளம் நிறையத் தண்ணீர் வைத்து மேலேயிருந்து கதிர் அடிக்கிற கதை நடக்காது. தண்ணீரை மெல்லிய திரையாக விரித்து, கற்றைக்கு அடியில் வேகமாக ஓட்ட வேண்டும். 1976-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டீர் ஐலண்ட் கழிவுநீர் நிலையத்தில் சாக்கடைக் கசடை அப்படி மெல்லிய படலமாக ஓட்டிக் கிருமி நீக்கிக் காட்டியவர் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் டிரம்ப். ஆமாம், டொனால்டு டிரம்ப்புக்குச் சொந்தச் சித்தப்பா. குடும்பத்தில் ஒருவராவது சாக்கடையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்.

பெரிய அளவில் இதைச் சாதித்தது தென் கொரியாவின் தேகு நகரம். நூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் இருக்கும் வளாகம் அது. 1998-இல் நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டரில் சோதனை நிலையம் வைத்தார்கள். ஏழு வருடம் அதைப் பார்த்த பிறகு, 2005-இல் நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு முழு நிலையம் கட்டினார்கள். 400 கிலோவாட் முடுக்கி, கட்டுமானச் செலவு சுமார் 40 லட்சம் டாலர். கவனியுங்கள்: அவர்கள் நுண்ணுயிர்த் தொட்டியை இடிக்கவில்லை. அதற்கு முன்னால் கற்றையை வைத்தார்கள். தொட்டியில் தண்ணீர் தங்க வேண்டிய நேரம் குறைந்தது, கொட்ட வேண்டிய ரசாயனம் குறைந்தது. சீனாவில் 2020-இல் குவாங்டாங் மாகாணம் ஜியாங்மென் நகரின் ஒரு பின்னலாடை ஆலையில் ஏழு முடுக்கிகள் வைத்து நாளொன்றுக்கு மூன்று கோடி லிட்டர் சாயக் கழிவுநீருக்கு நிலையம் திறந்தார்கள். வருடத்துக்கு 450 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் மிச்சமாகும் என்று சர்வதேச அணுசக்தி முகமை சொன்னது.

இரண்டுமே சாயத் தண்ணீர். தோல் தண்ணீர் இல்லை. இங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும்.

சாயப்பட்டறைத் தண்ணீரின் பெரிய வம்பு நிறமும், மக்காத கரிமப் பொருளும். உங்கள் தண்ணீரின் பெரிய வம்பு எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கச்சாத் தோல் கெடாமல் இருக்க, நூறு கிலோவுக்கு நாற்பது கிலோ வரை உப்பு அப்பி அனுப்புகிறார்கள். ஷாப்பில் முதல் வேலையே அதை ஊறப்போட்டுக் கழுவுவது. அந்த முதல் கழுவலில் போகிற உப்புதான் குடகனாற்றுச் சமவெளியில் இறங்கி நிற்கிறது. ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள் 2005-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை உங்கள் அலுவலகத்தில் யாரிடமாவது இருக்கும். திண்டுக்கல்லைச் சுற்றிச் சுமார் 80 தோல் ஷாப்புகள் இயங்குவதையும், நிலத்தடி நீரில் சோடியமும் குளோரைடும் ஏறிக் கிடப்பதையும் அவர்கள் கிணறு கிணறாக எடுத்துக் காட்டினார்கள்.

உப்பை எந்தக் கற்றையாலும் உடைக்க முடியாது. தண்ணீரில் கரைந்த உப்பு ஏற்கனவே சோடியமாகவும் குளோரைடாகவும் பிரிந்துதான் கிடக்கிறது. அதற்கு மேல் உடைக்க அதில் ஒன்றுமில்லை. காளி வந்தாலும் சரி, அகரத்து முத்தாலம்மனே வந்தாலும் சரி, உள்ளே போன உப்பு அதே எடையில் வெளியே வரும். வீடியோவில் தெளிந்து கொட்டிய அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க யாரும் முன்வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நிறம் போனால் சுத்தம் என்று கண் நம்பிவிடும். நிறத்தோடு வந்த தண்ணீரையாவது எங்கள் ஆட்கள் வயலுக்கு விடாமல் மடை மாற்றினார்கள். நிறமில்லாத உப்புத் தண்ணீர் வந்தால் யாருக்கும் தெரியாமல் தென்னைக்கும் மல்லிகைக்கும் பாய்ந்துவிடும்.

ஆகவே இந்தக் கருவி உங்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. அதற்கு உங்கள் தொழிலில் ஓர் இடம் இருக்கிறது. சின்ன இடம். எங்கே என்று தெரிந்தால் பணம் வீணாகாது.

திண்டுக்கல் தோலுக்கு ஒரு தனிப் பெயர் உண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை என்று தாவரச் சாற்றில் பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் இங்கும் திருச்சியிலும்தான் பேர்போனது. புவிசார் குறியீடும் வாங்கியது. (அந்த வாட்டில் பட்டைக்காகவே பழனி மலைமேல் நட்ட மரங்கள் இன்று புல்வெளியை எல்லாம் மூடிவிட்டு வனத்துறையைப் பாடாய்ப் படுத்துகின்றன. குடகனாற்றுக்குத் தண்ணீர் தருகிற மலையில் தொடங்கி அதே ஆறு இறங்கும் சமவெளி வரை உங்கள் தொழிலின் கைவண்ணம் இருக்கிறது. பெருமையாகவும் எடுத்துக்கொள்ளலாம், வேறு மாதிரியும் எடுத்துக்கொள்ளலாம்.) தாவரச் சாற்றின் டானின் தோலைக் கெடாமல் காக்கிறது, கெடுக்கிற பாக்டீரியாவை அண்ட விடாது. அதே குணத்தோடு கழிவுநீர்த் தொட்டிக்கு வந்தால் அங்கே வேலை செய்ய வேண்டிய பாக்டீரியாவையும் அண்ட விடாது. பழுப்பு நிறம் போகாமல் நிற்பதும் இதனால்தான். கற்றைக்கு இது சரியான இரை. வளையம் வளையமான கரிமக் கட்டுகளை ஹைட்ராக்சில் கடித்து உடைக்கும். சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் சல்ஃபைடின் நாற்றத்தையும் அடக்கும்.

ஆனால் சுண்ணாம்புத் தண்ணீரை அப்படியே விட்டால் காசு போகும். காரம் மிகுந்த நீரில் கார்பனேட் நிறைய இருக்கும். அது ஹைட்ராக்சிலை வழியிலேயே விழுங்கிவிடும். டானினுக்கு என்று நீங்கள் கொடுத்த மின்சாரத்தை கார்பனேட் தின்னும். முதலில் காரத்தைக் குறைத்து, மிதக்கிற சதைத்துணுக்கையும் மயிரையும் வடிகட்டி, அதன் பிறகுதான் கற்றைக்குக் கொண்டுபோக வேண்டும். வீடியோவில் இந்தப் பகுதி இல்லை.

இனி யூனிட் கணக்கு. இது என் தொழில், பொறுத்துக்கொள்ளுங்கள். கதிரின் அளவை கிரே என்பார்கள். ஒரு கிலோ பொருளில் ஒரு ஜூல் இறங்கினால் ஒரு கிரே. ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோகிரே கொடுத்தால் 10 லட்சம் ஜூல், அதாவது 0.28 யூனிட். தண்ணீரின் சூடு கால் டிகிரிகூட ஏறாது. தேகுவில் சாயத்துக்கு ஒன்றிரண்டு கிலோகிரே போதுமானதாக இருந்தது. உங்கள் தண்ணீர் அதைவிடக் கெட்டியானது. பத்து கிலோகிரே என்று வைப்போம். ஆயிரம் லிட்டருக்கு 2.8 யூனிட். கருவியிலும் காற்றிலும் போகிற இழப்பைச் சேர்த்தால் ஐந்து யூனிட் என்று கொள்ளலாம். யூனிட் எட்டு ரூபாய் என்று பிடித்தால் நாற்பது ரூபாய்.

இதை ஆவியாக்கியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டிய வெப்பம் மட்டும் சுமார் 630 யூனிட். பல அடுக்கு ஆவியாக்கி வைத்து அந்த வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாலும் கற்றையின் செலவு அதற்குப் பக்கத்தில்கூட வராது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாதே என்ற ஏற்பாட்டில் ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் அங்கே ஊரையே தாங்கின. மின்கட்டணமும் விறகுச் செலவும் எப்படி ஏறின என்று உங்கள் சொந்தக்காரர்களே சொல்லியிருப்பார்கள். ஆர்.ஓ. ஜவ்வை அடைப்பதில் உப்பைவிடக் கரிமப் பிசினுக்கு அதிகப் பங்கு. அந்தப் பிசினைக் கற்றை முன்கூட்டியே நறுக்கிக் கொடுத்தால் ஜவ்வு கூடுதல் நாள் உழைக்கலாம், ஆவியாக்கிக்குப் போகிற தண்ணீர் குறையலாம். உங்களுக்கு இதில் லாபம் வருமானால் அங்கேதான் வரும்: ஆர்.ஓ.வுக்குப் பதிலாக வைத்தால் இல்லை, ஆர்.ஓ.வுக்கு முன்னால் வைத்தால். விற்க வருகிறவர் தலைகீழாகச் சொல்லுகிறார்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றுக்கு முடுக்கியும் வேண்டாம், பெரிய முதலீடும் வேண்டாம். தோலை ஊறப்போடுவதற்கு முன் உதறுங்கள். மரச்சட்டத்தில் கைகளால் தட்டி உதறினாலே ஒட்டாத உப்பு கொட்டும். துளையிட்ட உருளையில் சுற்றினாலும் கொட்டும். அடையாற்றில் 1948-லிருந்து இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம் இது. உதறிய பிறகு, முதல் ஊறல் தண்ணீரை மற்ற தண்ணீரோடு கலக்காமல் தனிக் குழாயில் கொண்டுபோங்கள். கொஞ்சத் தண்ணீரில் அதிக உப்பு இருக்கும்போது அதைத் தனியாக வெயிலில் காயவைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வாய்க்காலில் கலந்துவிட்ட பிறகு அதைப் பிரிக்கக் கோடி கோடியாக மெஷின் வாங்குவது, சாம்பாரில் உப்பைக் கொட்டிவிட்டு அதைப் பொறுக்கி எடுக்க ஆள் வைப்பது மாதிரி. உதறுகிற வேலை ஏன் ஒழுங்காக நடப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அது கூலி வேலை, அதைச் செய்கிறவர்களுக்கு உப்பில் கை வெடிக்கும். கையுறையும் நல்ல கூலியும் கொடுத்தால் நடக்கும். இந்த ஊர்த் தோல் ஷாப் தொழிலாளிகளின் வாழ்க்கையை வைத்து டி.செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012-இல் சாகித்திய அகாதெமி விருது கொடுத்தார்கள். சுண்ணாம்புக் குழியும் அதில் இறங்கியவர்களும் இலக்கியத்தில் ஏறிவிட்டார்கள். உப்பு உதறுகிறவர்களுக்குக் கையுறை இன்னும் ஏறவில்லை.

இந்தக் கருவிக்கு நம் மாவட்டத்தில் உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுகிறவர்களின் தண்ணீர், தேகுவின் தண்ணீருக்கு அண்ணன் தம்பி. ஆனால் ஒரு சாயக்காரரால் தனியாக ஒரு முடுக்கி வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. அது ஓடிக்கொண்டே இருந்தால்தான் கட்டுப்படியாகும். பகலில் சாயத் தண்ணீர், இரவில் தோல் தண்ணீர் என்று லாரியில் கொண்டுவந்து ஒரே நிலையத்தில் ஓட்ட முடியுமா என்று இரண்டு சங்கங்களும் உட்கார்ந்து பேசியதாக நான் கேள்விப்படவில்லை. பேசலாமே.

உலகம் இந்தக் கற்றையை இன்னும் எங்கெங்கோ வைத்திருக்கிறது. போலந்தின் பொமொஷானி அனல்மின் நிலையத்தில் புகையில் அம்மோனியாவைக் கலந்து கற்றையை அடித்தார்கள். கந்தகமும் நைட்ரஜனும் உரமாக மாறிக் கீழே விழுந்தன. அகமதாபாத்தில் சாக்கடைக் கசடைக் கிருமி நீக்கி வயலுக்குக் கொடுக்கிற நிலையம் 2019-இல் வந்தது. அது கோபால்ட் கதிர், எலக்ட்ரான் கற்றை இல்லை. உங்கள் கசடை அதோடு ஒப்பிட்டு யாராவது பேசினால் நிறுத்துங்கள். வீட்டுச் சாக்கடைக் கசடில் பயம் கிருமி. தோல் ஷாப்பின் குரோமியம் சேர்ந்த கசடில் பயம் உலோகம். உலோகமும் உப்பைப் போலத்தான், கதிருக்கு அழியாது. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் பொதுக் கழிவுநீர் நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் செத்தார்கள். கசடு என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. புது மெஷினுக்கு ஒதுக்கும் பணத்துக்கு முன்னால் உங்கள் தொட்டிச் சுவரை ஒரு பொறியாளரை வைத்துப் பாருங்கள்.

1996 ஆகஸ்ட் 28-இல் உச்சநீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது பாலாறு மட்டும்தான் பேசப்பட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்தத் தீர்ப்பில் அப்போதைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தின் தோல் ஷாப்புகளும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். கெடுத்தவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக நின்றது அந்த வழக்கில்தான். பொதுக் கழிவுநீர் நிலையங்கள் பெருகியதும் அதன் பிறகுதான். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். செலவழித்தீர்கள், சில ஷாப்புகள் தாங்காமல் மூடிப்போயின. இத்தனைக்குப் பிறகு இன்னொரு தவறான மெஷினில் பணத்தைப் போட்டால், அடுத்த முறை உண்மையிலேயே வேலை செய்கிற ஒன்று வரும்போது உங்களிடம் பணமும் இருக்காது, எங்களிடம் நம்பிக்கையும் இருக்காது.

ஆகவே என் கோரிக்கை இது. வாங்குவதற்கு முன் உங்கள் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். பேரல்களில் ஊறல் தண்ணீர் தனியாக, சுண்ணாம்புத் தண்ணீர் தனியாக, டானின் தண்ணீர் தனியாக, நுண்ணுயிர்த் தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீர் தனியாக எடுத்து, ஏற்கனவே இயங்குகிற ஒரு முடுக்கியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்கிறவரின் ஆய்வகம் வேண்டாம். பாபா மையத்தையோ தோல் ஆராய்ச்சி நிறுவனத்தையோ கேளுங்கள்; அரசு நிறுவனம் மெதுவாகத்தான் பதில் போடும், போடட்டும். நிறமும் சி.ஓ.டி.யும் (கரிமக் கழிவின் அளவு) மட்டும் அளந்து அனுப்பினால் ஏற்காதீர்கள். மொத்தக் கரைந்த உப்பு, குளோரைடு, குரோமியம் மூன்றும் முன்னும் பின்னும் வேண்டும். உப்பு மிகுந்த தண்ணீரில் ஹைட்ராக்சில் வேலை செய்யும்போது குளோரின் சேர்ந்த புதுக் கரிமப் பொருள் எதுவும் உருவாகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பாதியில் உடைந்த துண்டு சில நேரம் முழுசைவிட விஷமாக இருக்கும். சுத்திகரித்த தண்ணீரில் மீன் விட்டுப் பார்க்கிற சோதனை பழையது, மலிவானது, அதையும் கேளுங்கள்.

அந்த அறிக்கை வந்ததும் ஒரு நகலை அகரம் பேரூராட்சி அலுவலகத்துக்கும் ஒன்றைத் தாடிக்கொம்புக்கும் அனுப்பிவையுங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, எண்கள் எங்களுக்குப் புரியும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியேற்றும் நீருக்கு வைத்திருக்கிற வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்பு. உங்கள் பேரல் அந்த எண்ணுக்குக் கீழே வந்தால் மெஷின் திறப்புவிழாவுக்கு நானே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வராவிட்டால், அந்தப் பணத்தில் முதலில் எத்தனை ஷாப்புகளுக்கு உதறு சட்டமும் தனி ஊறல் குழாயும் போட முடியும் என்று கணக்குப் போட்டு அதையும் அதே உறையில் வையுங்கள். கணக்குப் போட ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள்; வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
அகரத்துக்காரன் ஒருவன்